கூட்டாளிகளோடு குரூப் ஒர்க்அவுட்: நெல்லைக்காரர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

நாலு கூட்டாளிகள் சேர்ந்து ஒரு சர்க்யூட் வகுப்பில் (பல பயிற்சிகளை இடம் மாறி மாறி அடுத்தடுத்துச் செய்யும் வகுப்பு) பணம் கட்டுகிறார்கள். முதல் நாள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்து வெறியாகச் செய்கிறார்கள். மறுநாள் மாடிப்படி இறங்க முடியவில்லை. மூன்றாம் நாள் ஒருவர் வரவில்லை. "சரி, நாளைக்கு எல்லாரும் சேர்ந்தே போவோம்" என்று மற்ற மூவரும் தள்ளிப்போட, கட்டின பணம் அதோடு போச்சு. பாளை, பெருமாள்புரம், வண்ணார்பேட்டை என்று எந்தப் பக்கம் போனாலும் இந்தக் கதை உண்டு.

தனியாகச் செய்தால் வராத வேகம் கூட்டத்தில் வந்துவிடும். இந்த வகுப்புகளுக்குப் போவதே அதற்காகத்தான். முதல் பத்து நிமிஷத்திலேயே ஆளைக் கவிழ்ப்பதும் அதே வேகம்தான். அதை எங்கே விடுவது, எங்கே பிடிப்பது என்று தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது.

1. யாரோடு போவது

மூன்று அல்லது நாலு பேர் போதும். நாலு பேர் என்றால் ரெண்டு ஜோடியாகப் பிரிந்துகொள்ளலாம். மூன்று பேர் என்றால் ஒருவர் செய்யும்போது ஒருவர் பார்க்க, ஒருவர் மூச்சு வாங்க வசதி.

ஜோடி பிரிக்கும்போது நட்பைப் பார்க்காதீர்கள், வேகத்தைப் பாருங்கள். 1920களில் ஜெர்மனியில் ஓட்டோ கோலர் என்ற உளவியலாளர் படகு வலிக்கும் இளைஞர்களை வைத்து ஒரு சோதனை செய்தார். ஜோடியாக எடை தூக்கும்போது, ஒருவர் விட்டால் இருவருக்கும் ஆட்டம் முடிந்தது என்கிற நிலையில், வலு குறைந்தவர் தனியாகத் தூக்கியதைவிட அதிக நேரம் தாக்குப்பிடித்தார். ஆனால் இருவருக்கும் இடையே வித்தியாசம் மிதமாக இருந்தபோதுதான் இது நன்றாக வேலை செய்தது. ரொம்பப் பெரிய இடைவெளி இருந்தால் வலு குறைந்தவர் மனசு விட்டுவிடுகிறார். ஆகவே ஒரே நேரத்தில் 12 தண்டால் எடுப்பவரும் 15 எடுப்பவரும் நல்ல ஜோடி. 5 எடுப்பவரை 30 எடுப்பவரோடு சேர்த்தால் ஒருவருக்கு அவமானம், மற்றவருக்குச் சலிப்பு.

சேருவதற்கு முன்பே இரண்டு விஷயம் பேசி முடிவு செய்யுங்கள். ஒன்று, ஒருத்தர் வரவில்லை என்றாலும் மற்றவர்கள் போவார்கள். வராதவருக்காக வகுப்பு தள்ளிப்போகாது. இரண்டு, பாதியில் நிறுத்துபவரை யாரும் கேலி செய்யக் கூடாது. இரண்டாவதுதான் நம்ம ஊரில் கஷ்டம். "என்னல, அதுக்குள்ள உக்காந்துட்ட?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால், அடுத்த சுற்றில் தலை சுற்றினாலும் அந்த ஆள் உட்கார மாட்டார். விபத்து அங்கிருந்துதான் தொடங்கும்.

2. டாக்டரைப் பார்க்க வேண்டியவர்கள்

நடக்கும்போதோ மாடி ஏறும்போதோ நெஞ்சு அடைப்பு, காரணமில்லாத மயக்கம், படபடப்பு உள்ளவர்கள், கட்டுப்பாட்டில் இல்லாத ரத்த அழுத்தம் உள்ளவர்கள், குடும்பத்தில் யாராவது 50 வயதுக்குள் மாரடைப்பில் திடீரென இறந்திருந்தால் அவர்கள், கர்ப்பிணிகள், சமீபத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள். இவர்கள் எல்லாரும் டாக்டரிடம் கேட்டுவிட்டே சேர வேண்டும். வருஷக்கணக்கில் உடம்பை அசைக்காமல் இருந்துவிட்டு 45 வயதுக்கு மேல் தொடங்குபவர்களும் அப்படியே.

சர்க்கரைக்கு இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ எடுப்பவர்களுக்குக் கடும் பயிற்சியின்போது சர்க்கரை அளவு சட்டென்று இறங்கலாம். மாத்திரை நேரம், சாப்பாட்டு நேரம் இரண்டையும் டாக்டரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். பையில் குளுக்கோஸோ நாலு மிட்டாயோ இருக்கட்டும், அது பையில் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கூட்டாளிக்கும் தெரிந்திருக்கட்டும்.

காய்ச்சல் இருக்கும்போது போகவே கூடாது. டெங்கு, வைரஸ் காய்ச்சல் வந்து போனவர்கள் காய்ச்சல் விட்ட மறுநாளே கிளம்ப வேண்டாம். சாதாரணமாக அரை மணி நேரம் நடந்து அலுப்பு இல்லை என்ற பிறகு வந்தால் போதும்.

3. வகுப்பைத் தேர்வு செய்தல்

பணம் கட்டுவதற்கு முன் ஒரு வகுப்பை ஓரமாக நின்று பாருங்கள். இசை, விளக்கு, கண்ணாடிச் சுவர் எல்லாம் கண்ணை இழுக்கும். கவனிக்க வேண்டியது வேறு.

மாஸ்டர் என்ன செய்கிறார்? தானும் கூடவே குதித்துக்கொண்டு, கண்ணாடியில் தன்னையே பார்த்துக்கொண்டிருந்தால் உங்கள் முழங்காலை அவர் பார்க்கப்போவதில்லை. நல்லவர் செய்துகாட்டிவிட்டு நிறுத்திக்கொண்டு, வரிசைக்கு நடுவே நடப்பார். ஒரு மாஸ்டருக்கு 10, 12 பேர் என்றால் நல்லது. 20க்கு மேல் போனால் யாரையும் திருத்த நேரம் இருக்காது.

புதிதாக வந்தவரிடம் "முட்டியில, இடுப்புல ஏதாவது பழைய அடி உண்டா?" என்று கேட்கிறாரா? ஒவ்வொரு பயிற்சிக்கும் லேசான வடிவம் ஒன்று சொல்லித் தருகிறாரா? கேட்காதவர், சொல்லித்தராதவர் எவ்வளவு உடம்பு வைத்திருந்தாலும் வேண்டாம்.

இடத்தையும் பாருங்கள். தகரக் கூரை போட்ட கூடமாக இருந்தால் சித்திரை, வைகாசியில் சாயங்காலம் 5 மணி வகுப்பு அடுப்படிதான். பகல் முழுக்கக் காய்ந்த தகரம் அந்நேரம்தான் சூட்டைக் கீழே இறக்கும். அந்த இரண்டு மாதமும் காலை 5:30 வகுப்புக்கு மாறிவிடுங்கள். திறந்த மைதானத்தில் நடக்கும் வகுப்பு என்றால் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரத் தரை பற்றிக் கேளுங்கள். ஆனி, ஆடிக் காற்றில் புழுதி கிளம்பும். ஆஸ்துமா உள்ளவர்கள் அந்தச் சமயத்தில் உள்ளரங்கத்துக்கு வந்துவிடுவது நல்லது.

வருஷத்துக்கு மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்பார்கள். முதல் மாதம் மாதக் கட்டணமே கட்டுங்கள்.

4. இரண்டு வாரத் தயாரிப்பு

நேராகப் போய்க் குதிக்காதீர்கள். வகுப்பு தொடங்க இரண்டு வாரம் முன்பே வீட்டில் தொடங்க வேண்டும். திங்கள், புதன், வெள்ளி மூன்று நாள். 25 நிமிஷத்துக்கு மேல் ஆகாது.

5 நிமிஷம் வேக நடை. பிறகு 10 பஸ்கி (குந்தி எழுவது). திண்ணையிலோ கட்டில் விளிம்பிலோ கை வைத்து 8 தண்டால். முழங்கை ஊன்றி, உடம்பை நேராக நிறுத்தி 20 விநாடி பிளாங்க். நின்ற இடத்திலேயே முழங்கால் உயர்த்தி 30 விநாடி நடை. ஒரு நிமிஷம் ஓய்வு. இது ஒரு சுற்று. முதல் வாரம் 3 சுற்று, இரண்டாம் வாரம் 4 சுற்று.

சனிக்கிழமை கூட்டாளிகள் எல்லாரும் சேர்ந்து நடக்கலாம். பாளை வ.உ.சி. மைதானம் பக்கம் காலையில் நடப்பவர்களுக்குப் பஞ்சமில்லை, நீங்களும் சேர்ந்துகொள்ளுங்கள். 1 நிமிஷம் மெல்லோட்டம், 2 நிமிஷம் நடை என்று 8 முறை. ஓடும்போது முழு வாக்கியம் பேச முடியாவிட்டாலும் நாலைந்து வார்த்தை பேச வர வேண்டும். ஒரு வார்த்தைகூட வரவில்லை என்றால் வேகம் அதிகம்.

இந்த இரண்டு வாரத்தில் பெரிதாகத் தசை ஒன்றும் ஏறிவிடாது. ஆனால் பழக்கமில்லாத தசைக்கு முதல் அடி மெல்ல விழுந்தால் அடுத்த அடியை அது நன்றாகத் தாங்கும். முதல் வகுப்புக்கு மறுநாள் வரும் வலியை இது பெருமளவு குறைத்துவிடும்.

5. என்ன போட்டுக்கொள்வது, என்ன எடுத்துப்போவது

காலணிதான் முக்கியம். ஓட்டத்துக்கென்று வரும் கனத்த, மெத்தென்ற அடியுள்ள ஷூ நேராக ஓடச் சரி. பக்கவாட்டில் தாவும்போது அதில் கணுக்கால் ஆடும். அடிப்பகுதி தட்டையாக, கெட்டியாக உள்ள ட்ரெய்னிங் ஷூ வாங்குங்கள். சிமெண்ட் தரையில் வெறுங்காலோடு குதிப்பது வீரம் இல்லை, குதிகால் வலிக்கு வழி.

ஒரு லிட்டர் பாட்டில், துண்டு, மாற்று டி-சர்ட். மோதிரம், கைக்கடிகாரம் வீட்டிலேயே இருக்கட்டும். கெட்டில்பெல் (கைப்பிடி வைத்த இரும்புக் குண்டு) பிடிக்கும்போது மோதிரம் விரலைக் கிழிக்கும். கழற்ற விரும்பாத தாலிச் செயினை உடைக்குள் விட்டு ஊக்கு குத்திக்கொள்ளலாம். பெண்கள் நல்ல ஸ்போர்ட்ஸ் பிரா வாங்குவதில் சிக்கனம் பார்க்க வேண்டாம். துப்பட்டா எந்தக் கருவிக்கும் பக்கத்தில் வரக் கூடாது.

6. சாப்பாடும் தண்ணீரும்

காலை வகுப்பு என்றால் வெறும் வயிற்றில் போகாதீர்கள், வயிறு முட்டவும் போகாதீர்கள். அரை ஏத்தம்பழமோ மூன்று பேரீச்சம்பழமோ அரை மணி முன்னால் போதும். கடுங்காப்பி குடிக்கும் பழக்கம் இருந்தால் குடிக்கலாம்.

சாயங்கால வகுப்பு என்றால் மதியச் சாப்பாட்டுக்கும் வகுப்புக்கும் 3 மணி நேர இடைவெளி வேண்டும். 4 மணிக்கு ரெண்டு பரோட்டா, சால்னா அடித்துவிட்டு 5:30க்குப் பர்பி (குந்தி, காலைப் பின்னே தள்ளி, மறுபடி எழும் பயிற்சி) செய்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. எண்ணெய் சேர்ந்த உணவு வயிற்றை விட்டு இறங்க நேரம் எடுக்கும். பயிற்சியின்போது ரத்தம் தசைக்குப் போய்விடுவதால் இரைப்பைக்கு வேலை செய்ய ஆள் இல்லை.

தண்ணீர்: வகுப்புக்கு 2 மணி நேரம் முன்னால் சுமார் அரை லிட்டர். நடுவில் 15, 20 நிமிஷத்துக்கு ஒரு முறை நாலைந்து மடக்கு, அதாவது 150 முதல் 200 மில்லி. உங்களுக்கு எவ்வளவு வேர்க்கிறது என்று தெரிய, வகுப்புக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். வேர்வைத் துணியைக் கழற்றிவிட்டுப் பார்க்க வேண்டும். ஒரு கிலோ குறைந்திருந்தால், குடித்தது போக இன்னும் சுமார் ஒரு லிட்டர் வெளியே போயிருக்கிறது. 60 கிலோ ஆளுக்கு 1.2 கிலோவுக்கு மேல் குறைந்தால் குடித்தது பற்றவில்லை. எடை கூடியிருந்தால் அளவுக்கு மீறிக் குடித்திருக்கிறீர்கள். அதுவும் ஆபத்துதான்; ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய்த் தலைவலி, குமட்டல் வரும்.

முடிந்த பிறகு உப்பு போட்ட மோர் அருமையான பானம். பதனீர்க் காலத்தில் பதனீரும் இளநீரும் நல்லதே, ஆனால் வகுப்புக்கு முன்னால் வேண்டாம், வயிற்றில் குலுங்கும். சர்க்கரை நோயாளிகள் பதனீரைத் தொட வேண்டாம்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை பழைய சோறும் சின்ன வெங்காயமும் தண்ணீரையும் உப்பையும் திருப்பித் தரும், தசைக்கு வேண்டிய புரதம் அதில் குறைவு. கூட ரெண்டு முட்டையோ ஒரு கிண்ணம் சுண்டலோ வேண்டும். கடும் பயிற்சி செய்பவருக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு 1.2 முதல் 1.6 கிராம் புரதம் ஒரு நாளைக்குத் தேவை. 60 கிலோ ஆளுக்கு 72 முதல் 96 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம்தான் என்பதால் மீன், பருப்பு, தயிர் எல்லாமும் சேர்ந்தால்தான் கணக்கு நிறையும். உளுந்தங்களி நல்ல சாப்பாடு. ஆனால் அதில் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் எவ்வளவு போகிறது என்று களி கிண்டுபவரைக் கேட்டுவிட்டு உருண்டையை எண்ணுங்கள். வகுப்பு முடிந்த கையோடு டவுனுக்குப் போய் அல்வா வாங்கித் தின்பவர்களுக்கு இந்தப் பத்தியில் அறிவுரை எதுவும் இல்லை.

7. வகுப்புக்குள்: ஒரு மணி நேரம் எப்படிப் போகும்

சர்க்யூட் முறை 1953ல் இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் உருவானது. இன்று நம்ம ஊர் வகுப்புகளில் பெரும்பாலும் இப்படி ஓடும்: 10 நிமிஷம் உடம்பைச் சூடேற்றல், 5 நிமிஷம் பயிற்சிகளைக் காட்டுதல், பிறகு 6 நிலையங்கள். ஒவ்வொன்றிலும் 40 விநாடி வேலை, 20 விநாடி மாறுதல்; ஒரு சுற்று 6 நிமிஷம். 4 சுற்று, நடுவே ஒரு நிமிஷ ஓய்வு மூன்று, மொத்தம் 27 நிமிஷம். 2 நிமிஷம் மூச்சு வாங்கி, 4 நிமிஷ டபாட்டா. கடைசியில் 12 நிமிஷம் தணித்தல்.

டபாட்டா என்பது ஜப்பானிய ஆய்வாளர் இசுமி டபாட்டாவின் பெயர். 1996ல் வெளியான அவருடைய ஆய்வில் பயிற்சி பெற்ற இளைஞர்கள் நிலைச் சைக்கிளில் 20 விநாடி உச்ச வேகம், 10 விநாடி ஓய்வு என்று மிதித்தார்கள். புதியவர் அந்த வேகத்தைத் தொடவே வேண்டாம். முதல் நாலு வகுப்புக்கு டபாட்டாவின்போது நின்ற இடத்தில் நடந்தால் போதும்; மாஸ்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

முதல் சுற்றுதான் பொறி. உடம்பு புதிதாக இருக்கும், பாட்டு ஓடும், பக்கத்தில் கூட்டாளி பறப்பார். அந்தச் சுற்றை உங்களால் முடிந்ததில் 70 சதவீதத்துக்குச் செய்யுங்கள். 40 விநாடியில் எத்தனை பஸ்கி வந்தது என்று எண்ணி நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் சுற்றில் 16, கடைசிச் சுற்றில் 14 என்றால் வேகத்தைச் சரியாகப் பிடித்தீர்கள். முதலில் 24, கடைசியில் 9 என்றால் கூட்டம் உங்களை இழுத்துப் போய்விட்டது.

நாடித்துடிப்புக் கடிகாரம் உள்ளவர்களுக்கு ஒரு கணக்கு: வயதை 0.7ஆல் பெருக்கி 208லிருந்து கழித்தால் உச்சத் துடிப்பு உத்தேசமாக வரும். 40 வயதுக்கு 180. முதல் மாதம் அதில் 85 சதவீதத்தை, அதாவது 153ஐ, தாண்ட வேண்டாம். ரத்த அழுத்தத்துக்கு பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவர்களுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. அவர்கள் பேச்சை வைத்தே அளக்க வேண்டும்.

8. நிலையம் நிலையமாக

பஸ்கி. பாதங்கள் தோள் அகலம், விரல்கள் லேசாக வெளியே திரும்பி. பின்னால் ஸ்டூல் இருப்பதுபோல இடுப்பை இறக்குங்கள். களைப்பு ஏறினதும் முழங்கால்கள் ஒன்றையொன்று பார்க்க உள்ளே சாயும். இடுப்பின் பக்கத் தசைகள் சோர்ந்துவிட்டன என்று அர்த்தம். அப்போது எண்ணிக்கையைக் குறைத்து, முழங்காலைக் கால் விரல் போகும் திசையிலேயே தள்ளுங்கள். குதிகால் தரையை விட்டு எழும்பினால் கணுக்கால் இறுக்கம். கால்களை இன்னும் அகட்டி வையுங்கள்.

தண்டால். கை தோளைவிடச் சற்று அகலம், முழங்கை உடம்புக்கு 45 பாகை. முழங்கை நேர் பக்கவாட்டில் விரிந்தால் தோள் முன்பக்கம் வலிக்கும். இடுப்பு தொங்கினால் தரையில் செய்வதை விட்டுவிட்டு பெஞ்சில் கை வைத்துச் செய்யுங்கள். முட்டி ஊன்றிச் செய்வதைவிட இது நல்லது. முழு உடம்பும் நேராக நிற்கப் பழகும். சிலம்பக் கூடத்தில் பழகியவர்களுக்கு உடம்பை வளைத்து எழும் தண்டால்தான் கைவரும். அது நல்ல பயிற்சிதான், ஆனால் நேரம் வைத்து ஓடும் வகுப்பில் களைத்த இடுப்போடு அதைச் செய்தால் முதுகு பிடித்துக்கொள்ளும்.

கெட்டில்பெல் வீச்சு. பெண்கள் 8 கிலோ, ஆண்கள் 12 கிலோவில் தொடங்கலாம். இது குனிந்து எழும் பயிற்சி இல்லை. இடுப்பைப் பின்னால் தள்ளி, சட்டென்று முன்னால் கொண்டுவருவதுதான் விசை. கை வெறும் கயிறு மாதிரி. பெல் நெஞ்சு உயரம் வந்தால் போதும். இறங்கும்போது அது முழங்காலுக்கு மேலேயே இருக்க வேண்டும், கீழே போனால் முழு எடையும் கீழ்முதுகில் ஏறும். வேர்த்த கையில் பெல் நழுவும். ஒவ்வொரு முறையும் துண்டால் துடையுங்கள், எதிரே 2 மீட்டருக்குள் யாரும் நிற்கக் கூடாது.

பர்பி. எல்லாரும் திட்டும் இந்தப் பயிற்சி அமெரிக்க உடலியங்கியலாளர் ராயல் பர்பியின் பெயரில் வந்தது. 1930களில் உடல் தகுதியைச் சோதிக்க அவர் வகுத்தது நாலே அசைவு: குந்து, காலைப் பின்னே தள்ளு, காலை முன்னே இழு, எழு. தண்டாலும் தாவலும் பின்னால் மற்றவர்கள் ஒட்டவைத்தது. ஆகவே அந்த இரண்டையும் விட்டுவிட்டுச் செய்வதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

கை பாதத்துக்கு வெகுதூரம் முன்னே விழுந்தால் கால் பின்னே போகும்போது இடுப்பு தொய்ந்து, கீழ்முதுகில் ஒரு சுண்டு விழும். கையைப் பாதத்துக்கு ஒரு சாண் முன்னால் ஊன்றுங்கள். அந்த இடத்தில் வயிற்றை யாரோ குத்த வருவதுபோல இறுக்கிக்கொண்டு, ஒரு காலைப் பின்னே வையுங்கள், அடுத்ததை வையுங்கள். இரண்டையும் சேர்த்துத் தாவுவது மூன்றாவது வாரத்துக்குப் பிறகு. முன்னே வரும்போது பாதங்கள் கைக்கு வெளிப்பக்கம் முழுசாகப் பதிய வேண்டும். நுனிக்காலில் வந்து எழுந்தால் முழங்கால் முன்பக்கம் எரியும். எழும்போது தலை கடைசியில் வரட்டும். பலருக்கும் கண் இருட்டுவது தலையைச் சட்டென்று தூக்குவதால்தான். ஒரு பர்பிக்கு ஒரு முழு மூச்சு: இறங்கும்போது உள்ளே, எழும்போது வெளியே. மூச்சு இந்தத் தாளத்தை விட்டுப் போனால் நின்று, இரண்டு மூச்சு விட்டு, மறுபடி தொடங்குங்கள். 40 விநாடியில் 6 சுத்தமான பர்பி, கோணலான 12ஐ விட மேல்.

பிளாங்க். முழங்கை தோளுக்கு நேர் கீழே. நண்பர் ஒரு கம்பை முதுகில் வைத்துப் பார்க்கலாம். தலை, மேல்முதுகு, பிட்டம் மூன்றும் கம்பைத் தொட வேண்டும். உடம்பு நடுங்கினால் பரவாயில்லை. மூச்சை மட்டும் அடக்காதீர்கள், ரத்த அழுத்தம் இன்னும் ஏறும்.

ஓட்டம், கயிறு தாண்டல் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. திரும்பும் இடத்தில் இரண்டு குறு அடி வைத்து உடம்பைத் தாழ்த்தித் திரும்புங்கள். ஈரத் தரை என்றால் ஓடவே வேண்டாம்.

கல், மூட்டை தூக்கும் நிலையம் வைத்திருந்தால் நம்ம ஊர் முறை நினைவிருக்கட்டும். வடலிவிளையில் பொங்கலுக்கு இளவட்டக்கல் தூக்குபவர்கள் கல்லைத் தரையிலிருந்து நேராகத் தோளுக்கு ஏற்ற மாட்டார்கள். முதலில் தொடைக்கு, அங்கிருந்து நெஞ்சுக்கு, பிறகுதான் தோளுக்கு. மணல் மூட்டைக்கும் அதே வரிசைதான்.

9. கூட்டாளியின் வேலை

பிரான்சு வேளாண் பொறியாளர் ரிங்கெல்மன் 1913ல் ஒரு கண்டுபிடிப்பை வெளியிட்டார். கயிறு இழுக்கும் ஆள் கூடக் கூட, ஒவ்வொருவரும் இழுக்கும் விசை குறைகிறது. தன் பங்கு தனியாகத் தெரியாதபோது உடம்பு தானாகவே சலுகை எடுத்துக்கொள்கிறது. ஆகவே "எல்லாரும் சேர்ந்து 100 பஸ்கி" என்ற விளையாட்டைவிட, ஒவ்வொருவர் எண்ணிக்கையும் தனித்தனியே ஒரு பலகையில் எழுதப்படுவது பலன் தரும். ஆனால் அதை நேற்றைய உங்கள் எண்ணோடு மட்டும் ஒப்பிடுங்கள். பக்கத்து ஆளின் எண்ணோடு ஒப்பிட்டால் முதல் சுற்றின் பொறிக்குள் மறுபடி விழுவீர்கள்.

ஊக்கப்படுத்துவதும் ஒரு கலை. "ஏல மக்கா, இன்னும் மூணுதாம்ல, விட்ராத!" என்பது சத்தம், சில நேரம் உதவும். "முட்டிய வெளிய தள்ளு", "மூச்ச விடு", "கைய கிட்ட வை" என்பது வேலை. செய்பவருக்குத் தன் உடம்பு தெரியாது, பக்கத்தில் நிற்பவருக்குத்தான் தெரியும். ஒரு சமயத்தில் ஒரே ஒரு திருத்தம் சொல்லுங்கள். மூன்று சொன்னால் மூன்றும் போய்விடும். வகுப்பில் வயசான அண்ணாச்சி ஒருத்தர் இருந்தால் அவரைத் திருத்துவதை மாஸ்டரிடம் விட்டுவிடுவதே மரியாதை.

10. எப்போது நிறுத்துவது

குமட்டல் வந்தால் வேகத்தைக் குறையுங்கள். வாந்தி எடுக்கும் வரை செய்வது பெருமை என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். களைத்ததும் பொத்தென்று உட்காராமல், மெல்ல நடந்துகொண்டே மூச்சு வாங்குங்கள். சட்டென்று நின்றால் ரத்தம் காலிலேயே தேங்கி மயக்கம் வரும்.

நெஞ்சில் அழுத்தம், இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, ஒழுங்கில்லாத படபடப்பு, மூட்டில் சுருக்கென்ற வலி: இவற்றில் எது வந்தாலும் அன்றைய வகுப்பு முடிந்தது. முதல் மூன்றுக்கு உடனே 108ஐ அழையுங்கள்.

வெயில் தாக்கு பற்றித் தெரிந்திருப்பது நம்ம ஊரில் கட்டாயம். தசைப்பிடிப்பு, தலைவலி, அதிக வேர்வை என்பது முதல் கட்டம். நிழலில் உட்கார்ந்து உப்புச் சேர்ந்த நீர் குடித்தால் சரியாகும். கூட்டாளி சம்பந்தமில்லாமல் பேசினாலோ தள்ளாடினாலோ இரண்டாம் கட்டம் வந்துவிட்டது. உடல் சூடு 40 பாகை செல்சியஸைத் தாண்டியிருக்கலாம். 108ஐ அழைத்துவிட்டு, அவர்கள் வரும் வரை சும்மா நிற்காதீர்கள். நிழலுக்குக் கொண்டுபோய், ஷூ, மேல்துணி கழற்றி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் ஐஸோ ஈரத்துணியோ வையுங்கள். தடுமாறும் ஆளுக்கு வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, புரையேறும்.

வெயிலுக்கு உடம்பு பழக 10 முதல் 14 நாள் ஆகும். பங்குனியில் சூடு ஏறும்போதும், வெளியூரிலிருந்து விடுமுறைக்கு வந்து சேரும்போதும் முதல் வாரம் பாதி வேகம் போதும்.

11. முடிந்த பிறகு

5 நிமிஷம் மெல்ல நடை. தொடை முன்பக்கம், பின்பக்கம், கெண்டைக்கால், மார்பு ஒவ்வொன்றையும் 30 விநாடி நீட்டிப் பிடியுங்கள். நேராகக் குறுக்குத்துறைக்குப் போய்த் தாமிரபரணியில் விழ ஆசை வரும். படித்துறையில் உட்கார்ந்து மொண்டு ஊற்றிக்கொள்வதோடு நிறுத்துங்கள். களைத்த காலில் நீந்தும்போது தசை பிடித்துக்கொண்டால், நீச்சல் தெரிந்தவருக்கும் ஆற்றில் கதை வேறாகிவிடும்.

வலி மறுநாள் தொடங்கி, 48 மணி நேரத்தில் உச்சம் தொட்டு, மூன்றாம் நான்காம் நாள் குறையும். மெல்ல நடப்பது நல்லது. அடுத்த வகுப்புக்கு இடையே 48 மணி நேரம் விடுங்கள். முதல் மாதம் வாரத்துக்கு இரண்டு வகுப்பு போதும். தினமும் போக வேண்டும் என்ற ஆவல் முதல் வாரத்தோடு போய்விடும், கவலைப்பட வேண்டாம்.

ஒரு அறிகுறியை மட்டும் சாதாரண வலியோடு சேர்க்காதீர்கள். தசை பெருமளவு வீங்கி, கையை மடக்கவோ காலை நீட்டவோ முடியாமல், சிறுநீர் கட்டன்சாயா நிறத்தில் போனால், தசைச் செல்கள் உடைந்து அவற்றின் சரக்கு ரத்தத்தில் கலக்கிறது. சிறுநீரகத்தைக் கெடுக்கும் இந்த நிலை, பழக்கமில்லாத ஆள் ஒரே நாளில் அளவு மீறி, அதுவும் வெயிலில் செய்யும்போது வரும். "ரெஸ்ட் எடுத்தா சரியாப்போகும்" என்று படுக்காமல் அன்றே ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கோ பக்கத்து மருத்துவமனைக்கோ போங்கள். வலி மாத்திரை போட்டுக்கொள்ளாதீர்கள், சில வலி மாத்திரைகள் சிறுநீரகத்தை இன்னும் சிரமப்படுத்தும்.

12. அடுத்த மாதங்கள்

ஒரு வாரத்தில் ஒன்றை மட்டும் கூட்டுங்கள்: எடையையோ, சுற்றையோ, வேகத்தையோ. மூன்றையும் சேர்த்துக் கூட்டும் வாரத்தில்தான் யாருக்காவது முதுகு பிடிக்கும்.

நாலாவது வாரக் கடைசியில் ஒரு சோதனை வையுங்கள். 1 நிமிஷ பஸ்கி, 1 நிமிஷ தண்டால், பிளாங்க் தாங்கும் நேரம், 1 கிலோமீட்டர் வேக நடை. ஒவ்வொன்றுக்கும் நடுவே 3 நிமிஷ ஓய்வு. அதே இடம், அதே காலை நேரம், பெஞ்சில் கை வைத்துச் செய்த தண்டால் என்றால் அடுத்த முறையும் அதே பெஞ்ச். இல்லாவிட்டால் எண்கள் பேசாது.

சோதனை முடிந்ததும் ஜோடிகளை மாற்றுங்கள். நாலு பேரும் ஒரே வேகத்தில் வளர மாட்டார்கள். இருபதுகளில் இருப்பவர் முன்னால் போய்விடுவார். ஷிஃப்ட் வேலை பார்ப்பவரும் கைக்குழந்தை வைத்திருப்பவரும் தூக்கம் இல்லாமல் அதே இடத்தில் நிற்பார்கள். பழைய ஜோடியைப் பிடித்து வைத்துக்கொண்டிருந்தால் பின்னால் நிற்பவர்தான் முதலில் வகுப்பை விடுவார். எண்களைப் பார்த்து, கிட்டத்தட்ட ஒரே அளவில் வருபவர்களைச் சேருங்கள். மூன்று மாதம் இப்படி ஓடின பிறகு வருஷக் கட்டணத் தள்ளுபடியைப் பற்றி மாஸ்டரிடம் பேரம் பேசலாம்.